உல்ஜின்காரியும் ஊர்ப்பாடையும்

எங்கள் ஊரில் வாக்கப்பட்டு வந்த பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் போங்வாக்காரி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தவள். அவள் உல்ஜின்காரி. அவளுக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் வெளியே வரும்.

அவள் கல்யாணமாகி வந்தபோது எங்கள் தம்னே சாதாரண ஊர்தான். பூண்டு, நெல், பன்றி, சண்டை எல்லாம் இருந்தது. அப்புறம்தான் அரசாங்கத்தார் வந்து பார்த்து, இது பழமை மாறாத ஊர், இப்படியே இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். அன்றோடு எங்களுக்குப் பிடித்தது சனி. ஜன்னலுக்குக் கண்ணாடி போடக் கூடாது. முற்றத்தில் சிமெண்ட் பூசக் கூடாது. துணி காயப்போடுகிற கொடிகூட வாசலிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கி, எங்கள் சந்துகளில் நடந்து, எவ்வளவு நிம்மதியான இடம் என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிம்மதியை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

எல்லாரையும்விட அதிகம் பட்டது உல்ஜின் அக்காதான். குலத்தின் மூத்த வீடு அவளுடையது. ஓட்டுக் கூரை, உயரமான வாசல், ஊரிலேயே பெரிய முற்றம். ஊரின் பழமையைக் காக்க ஏற்பட்ட பாதுகாப்புச் சங்கத்தார் அதைத் திறந்த வீடு என்று ஆக்கிவிட்டார்கள். காலையில் வாசலைத் திறந்தால் சாயங்காலம் வரை சாத்தக் கூடாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். சோயா விழுது ஊறும் ஜாடிகளின் மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார்கள். அவள் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தால் பின்னால் நின்று படம் எடுப்பார்கள். ஒருநாள் பூண்டு வயலிலிருந்து வந்த களைப்பில் தூணில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்பிள்ளை வந்து, "பொம்மையைக்கூட எவ்ளோ நல்லா செஞ்சிருக்காங்க" என்று அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. அசைந்தால் அந்தப் பிள்ளை பயந்துவிடும் என்று அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அவள் சுபாவம் அது. நானாக இருந்தால் விரலைக் கடித்திருப்பேன்.

அவள் புருஷன் ஓக் மான்-சிக் அப்படி இல்லை. மச்சாண்டாருக்கு மூக்குக்கு மேல் கோபம். வாசலைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டவர் அவருடைய அப்பா. அவர் போன பிறகு மறுக்க வழியில்லாமல், வருகிறவர்களை முறைத்தே விரட்டப் பார்த்தார். முறைக்கிற கிழவர் என்று அவரையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. முற்றத்தைப் பார்த்த அறையில் படுத்தே கிடந்தார். அந்த அறைக்கு எங்கள் ஊர்வழக்கப்படி காகிதக் கதவு. புது மாப்பிள்ளை பெண்ணை எட்டிப் பார்க்க எச்சில் தொட்ட விரலால் காகிதத்தில் ஓட்டை போடுவது அந்தக் காலத்துக் குறும்பு. அதை நாடகங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் காகிதக் கதவைக் கண்டால் விரல் சும்மா இருக்காது. மச்சாண்டார் படுத்தபடியே கதவில் ஒரு விரல் நுழைவதைப் பார்ப்பார். விரல் போனதும் அங்கே ஒரு கண் வரும். அக்கா அவருக்கு மலஜலம் துடைத்துவிடுகிற நேரத்திலும் வந்திருக்கிறது. அவள் கஞ்சிப் பசை காய்ச்சி ஓட்டைகளை ஒட்டிக்கொண்டே இருந்தாள். ராத்திரியில் ஒட்டுவாள், மறுநாள் பகலில் மறுபடி ஓட்டை விழும். சங்கத்தில் சொன்னபோது, கதவுக்குப் பக்கத்தில், தொடாதீர்கள் என்று ஒரு பலகை வைத்தார்கள். அதைப் படித்த பிறகுதான் சிலருக்கு அந்த யோசனையே வந்தது.

அப்போதுதான் மச்சாண்டார் அவளிடம் ஒன்றைக் கேட்டார். வாய் கோணியிருந்ததால் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் இருந்தேன்.

"நான் செத்தா... பாடைல வைக்காதே. அவனுங்க பாக்கக் கூடாது."

"யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரி வண்டிய வரச்சொல்லி மூடிக் கொண்டுபோயிடறேன். போதுமா?"

அவர் நல்ல கையால் அவள் முழங்காலைத் தட்டினார். எனக்குத் தெரிந்து அவர் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

பாடை என்றால் எங்கள் ஊர்ப் பாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையுமாகத் துணி, மேலே காகிதப் பூ, நாலு மூலையிலும் மணி. பன்னிரண்டு பேர் தோளில் தூக்குவார்கள். உண்மையான சாவுக்கு அதை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் எல்லாரும் நகரத்து ஆஸ்பத்திரியில் சாகிறார்கள். அங்கேயே கீழ்த்தளத்தில் துக்க மண்டபம், அங்கிருந்தே கறுப்பு வண்டி. ஆனால் வருஷா வருஷம் திருவிழாவில் சங்கத்தார் வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் விடுவார்கள். ஓடைப் பாலத்தில் வந்ததும் பாடை நின்றுவிடும். போகிறவனுக்கு வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தால்தான் நகர்வோம் என்று முன்னால் மணி ஆட்டுகிறவர் பாடுவார். செத்தவருடைய பிள்ளைகள் பாடைக் கயிற்றில் நோட்டுகளைச் செருக வேண்டும், அதுதான் முறை. திருவிழாவில் பிள்ளைகள் ஏது? வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே செருகுவார்கள். தூக்கிகள் கூட்டத்தைப் பார்த்துப் பாடையைக் குனியவைத்து ஒரு கும்பிடு போடுவார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

குளிர் முடிந்து பூண்டு முளை விட்ட பருவத்தில், ஒரு விடியற்காலை மச்சாண்டார் வீட்டிலேயே போய்விட்டார். அக்கா ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் சங்கத் தலைவர் வந்துவிட்டார். ஓக் தோக்-சூ என்று பேர், மச்சாண்டாருக்குச் சின்னப்பா முறை, எங்களுக்குச் சின்ன மாமா. கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரை அவர் தன் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள்கிறார். அதுதான் தொந்தரவே.

வந்தவர் முதலில் உண்மையாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூத்த வீட்டுப் பிள்ளை பாடையில்தான் போக வேண்டும் என்றார். அக்கா, அவர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார் என்றாள். படுக்கையில் கிடந்தவன் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "இந்த வீட்லயே பொறந்து இந்த வீட்லயே உசுர விட்டவனை, ஊரான் வீட்டு ஐஸ்பெட்டில கொண்டுபோய் வைப்பியா மருமகளே?" என்றார்.

அது தைத்துவிட்டது. உல்ஸானில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் இன்-பியோ அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான், சின்னத் தாத்தா முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அப்பாவைப்போல முறைக்கவாவது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அக்கா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய், வாக்குக் கொடுத்தாயே என்று கத்தினேன்.

"எனக்குச் சண்டை போடத் தெம்பில்லடி," என்றாள். "ஆறு மாசமா நான் தூங்கவே இல்லை."

அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அப்படியே சின்ன மாமா பக்கம் திரும்பியது.

மறுநாள் மத்தியானம் வாகன நிறுத்தத்தில் ஒரு துணிப் பதாகை தொங்கியது. மரபுமுறை இறுதி ஊர்வலம், நாளைக் காலை, ஓடைப் பாலம் வழியாக என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் போய்க் கேட்டேன். உண்மையான பாடையை இனிமேல் யார் பார்க்கப்போகிறார்கள், நாலு பேர் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றார் சின்ன மாமா. அந்த மனுஷனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பதாகை விஷயத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். துக்கத்துக்கு வந்த யாரோ அது ரொம்ப நேர்த்தியாக இருந்தது என்று அவளிடமே சொல்லிவிட்டார்கள்.

அடக்கத்துக்கு முந்தின சாயங்காலம் தூக்கிகள் வெறும் பாடையைத் தோளில் வைத்து ஒரு சுற்று நடந்து பார்ப்பது வழக்கம். அடியும் பாட்டும் ஒத்துப்போக வேண்டுமே. எல்லாரும் எங்கள் ஊர் ஆட்கள்தான், அறுபதுக்குக் கீழ் ஒருத்தரும் இல்லை. மணி ஆட்டுகிறவர் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கும் ஹ்வாங். தூக்கிகளுக்குச் சோறும் கள்ளும் கொடுப்பது சாவு வீட்டுக்காரர் கடமை. நானும் அக்காவும் கள்ளுக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக் கரைக்குப் போனோம்.

பாடை பாலத்துக்கு வந்தது, நின்றது. அதுவரை சரிதான். பிறகு, யாரும் சொல்லாமலே, பன்னிரண்டு பேரும் வலது பக்கம் திரும்பினார்கள். திருவிழாக் கூட்டம் அந்தக் கரையில்தான் நிற்கும். ஹ்வாங் மணியை ஆட்டி வழிச்செலவுப் பாட்டை எடுத்தார். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாலைந்து வெளியூர்க்காரர்கள் கைபேசியோடு ஓடி வந்தார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே கயிற்றில் நோட்டைச் செருகினான். பாடை குனிந்து கும்பிட்டது. கைதட்டினார்கள். நிமிர்ந்த பிறகுதான் எதிரே கெண்டியோடு நிற்கும் அக்காவை ஹ்வாங் பார்த்தார்.

"பழக்க தோஷம் அண்ணி," என்றார். பின்னால் இருந்த கிழவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

அக்கா ஒவ்வொருத்தருக்கும் கிண்ணம் நிறையக் கள் ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டே வந்தேன், அவமானத்தில். அடுப்படியில் கெண்டியை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"போங்வா, அந்தப் பாடை ஆள் இல்லாமலேயே போகுதுடி," என்றாள். "தானா நிக்குது, கும்பிடுது. நாளைக்கு மலைக்கும் தானாப் போயிரும். அதுக்குள்ள இவர் எதுக்கு?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முறை தவறினால் குலத்தில் ஒருத்தரும் நம்மோடு பேச மாட்டார்கள் என்றேன். பேசாமல் இருந்தால் நல்லதுதான், நிறையப் பேசியாகிவிட்டது என்றாள் அவள்.

ஹ்வாங்கை அவளே கூப்பிட்டுச் சொன்னாள். நான் பயந்ததுபோல அவர் துள்ளிக் குதிக்கவில்லை. பாலத்தில் நடந்தது அவரையும் அரித்துக்கொண்டிருந்தது. யோசித்துவிட்டு, "உள்ள பெட்டி இல்லைன்னா எங்க முழங்காலுக்கும் நல்லதுதான் அண்ணி. மான்-சிக் சும்மாவே கனமான ஆளு," என்றார். அக்கா அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவள் வாசலை உள்ளிருந்து சாத்தித் தாழ் போட்டாள். பாடை முற்றத்தில் இருந்தது. சின்ன மாமா வெளியே சந்தில் நின்று கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஏன் இன்னும் திறக்கவில்லை என்று குரல் கொடுத்தார். சடங்கு முடியவில்லை என்று ஹ்வாங் பதில் கொடுத்தார். அந்த நேரத்தில் பெட்டி பின்கட்டு வழியாகப் போனது. பெட்டி வீட்டைத் தாண்டும்போது சுரைக்குடுவையை மிதித்து உடைப்பது எங்கள் வழக்கம். சத்தம் கேட்டுவிடும் என்று அக்கா அதைக் கோணியில் சுற்றி வைத்து மிதித்தாள். பின்சுவருக்கு வெளியே என் வீட்டுக்காரர் பூண்டு ஏற்றும் சின்ன லாரியோடு நின்றார். பெட்டியை வைத்து, மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்தினோம். இன்-பியோ துக்கத்துக்கு உடுத்தியிருந்த சணல் அங்கியையும் தொப்பியையும் கழற்றி என் மகனுக்குப் போட்டுவிட்டான். அக்கா தன்னுடையதை எனக்குப் போட்டாள். முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டாள்.

"நல்லாக் குனிஞ்சு நட," என்றாள். "சத்தமா அழு. எல்லாரும் உன்னையே பாக்கணும்."

அக்காவையும் இன்-பியோவையும் ஏற்றிக்கொண்டு லாரி வயல் பாதையில் இறங்கிய பிறகு ஹ்வாங் வாசலைத் திறந்தார். வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்து முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். திருவிழாவில்கூட அவ்வளவு பேரைப் பார்த்ததில்லை. தோளில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பாடைக்குப் பின்னால் குனிந்து, ஐகோ, ஐகோ என்று ஓலமிட்டுக்கொண்டு நடந்தேன். ஒருத்தி என் முக்காட்டுக்குக் கீழே கைபேசியை நீட்டினாள். நான் இன்னும் உரக்க அழுதேன். கிழவர்களின் நடை மட்டும்தான் எனக்குப் பயமாக இருந்தது. பாரம் இல்லாத குஷியில் கொஞ்சம் துள்ளலாகவே போனார்கள்.

பாலத்தில் பாடை நின்றபோது சின்ன மாமா என் பக்கத்தில் வந்தார். பாடை ஆடுகிற ஆட்டத்தை அவர் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. "மருமகளே," என்று ஆரம்பித்து, என் முக்காட்டுக்குள் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா? அவ எங்க?" என்றார். "உள்ள அவன் இருக்கானா இல்லையா?"

ஓலமிடுகிறவளிடம் பதில் வாங்க முடியாது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, அவர் காதருகிலேயே ஐகோ என்று ஒன்று விட்டேன். சுற்றிலும் கைபேசிகள். அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சிக்காரர்கள். அவர் என்ன செய்வார்? தடியை ஊன்றிக் குனிந்துகொண்டு, பாடைக்குப் பின்னால் அவரும் அழ ஆரம்பித்தார். தூக்கிகள் வலது பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மலையடியில் பாதை செங்குத்தாக ஆனதும் வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டு நேரம் என்று திரும்பிவிட்டார்கள். நாங்கள் மேலே ஏறியபோது பெட்டி குழிக்குள் இறங்கிப் பாதி மண் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரரும் இன்-பியோவும் மண்வெட்டியோடு நின்றார்கள். வழியில் ஒரு நாயைத் தவிர யாரும் குறுக்கே வரவில்லை என்றார் அவர். தூக்கிகள் பாடையை இறக்கிவிட்டு மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தப் போனார்கள். சின்ன மாமா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்கா முன்னால் போய் நின்றார். திட்டப்போகிறார் என்று நான் நடுவில் போனேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னேனே சின்ன மாமா," என்றாள் அக்கா.

அவர் சமாதி மேட்டுக்கு முன்னால் இரண்டு தடவை விழுந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார். இன்றுவரை அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சங்கத்துச் சுவரில் அந்த ஊர்வலத்துப் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார். படத்தில் விதவையாகக் குனிந்து நடப்பவள் நான்.

மேட்டுக்குப் புல் பதித்து முடித்ததும் ஆண்கள் கள்ளோடு நிழலுக்குப் போய்விட்டார்கள். அக்கா புது மண்ணுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சணல் முக்காட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். எனக்கு அலுப்பில் கண் சொருகியது. தொண்டை கட்டிப் போயிருந்தது. கீழே வாகன நிறுத்தத்தில் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"நிறையப் பேரு வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஊரே கொள்ளலக்கா."

"எல்லாம் போயாச்சா?"

"போறாங்க. இங்க யாரும் இல்ல, நாம ரெண்டு பேருதான்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். மரங்களுக்கு நடுவில் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போங்வா, தப்பா நினைக்காதே," என்றாள். "நீயும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

நான் ஊரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் அவள் அழ ஆரம்பித்தாள். அது நான் பாலத்தில் அழுததுபோல இல்லை. முடியும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.